இரண்டு ஆள் அகலம்

ஐப்பசி மழை கொஞ்சம் ஓய்ந்திருந்த ஒரு காலையில், நடவு முடிந்த வயலுக்குள் மலர்க்கொடி உட்கார்ந்திருந்தார். இடுப்பு வரை சேறு. வலது கையில் விரித்த குடை. இடது கையில், தலைக்கு மேலே தூக்கிப் பிடித்த ஒரு சாவிக்கொத்து.

அந்த வரப்பு தொடங்கும் இடத்தில்தான் காதர் பாயின் சைக்கிள் கடை. ஒட்டினாற்போல் டீக்கடை. நாங்கள் நாலைந்து பேர் கிளாசும் கையுமாக நின்றிருந்தோம். அவர் விழுந்ததை எல்லோரும் பார்த்தோம். அவர் எழுந்திருப்பதற்குள் இங்கே விவாதம் தொடங்கிவிட்டது. முதலில் வழுக்கியது இடது காலா, வலது காலா என்று.

மலர்க்கொடி திரும்பிப் பார்த்தார்.

"வேடிக்கை பாத்தது போதுங்க. யாராச்சும் ஒருத்தர் வந்து கையக் குடுங்க. கொடையையும் கீழ வைக்க முடியல, சாவியையும் கீழ வைக்க முடியல."

காதர் பாய் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார். பாதி தூரம் ஓடினார். பிறகு அவரும் வயலுக்குள் உட்கார்ந்தார். குடை இல்லாததால் அவர் விழுந்தது அவ்வளவு எடுப்பாக இல்லை.

"என்னங்க பாய், நீங்களுமா?"

"கையக் குடுன்னு சொன்னியே தங்கச்சி. கிட்ட வந்து குடுக்கலாம்னு பாத்தேன். இது வரப்பா இது? ஓணான் வந்தாக்கூட ஒருக்களிச்சுத்தான் போவணும்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். ஆனால் மலர்க்கொடியின் சிரிப்பு சீக்கிரம் நின்றுவிட்டது. சாவியைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். சேலையைப் பிழிந்துகொண்டு மறுபடி வரப்பில் ஏறி நடந்தார். அப்போது நேரம் என்ன என்பது எங்களைவிட அவருக்குத்தான் முக்கியமாக இருந்தது.

சாவியின் கனம்

சத்துணவு வந்த புதிது. பக்கத்து ஊர்ப் பள்ளியின் சத்துணவுக் கூடத்துக்கு மலர்க்கொடி அமைப்பாளர். எங்கள் ஊர்த் தெற்குத் தெருவில் பத்தாவது தேறிய முதல் பெண். அந்தத் தெருவில் அதுவரை எல்லோரும் நாற்றுப் பறித்தார்கள், நட்டார்கள், அறுத்தார்கள். அரசாங்கச் சாவி ஒன்று அந்தத் தெருவில் ஒரு வீட்டு ஆணியில் தொங்கியது அதுதான் முதல் தடவை.

அரிசி, பருப்பு இருக்கும் அறையின் சாவி அமைப்பாளரிடம் இருக்கும். அவர் போய்த் திறந்தால்தான் சமையல்கார அம்மா அடுப்பு மூட்ட முடியும். அடுப்பு தாமதித்தால் பிள்ளைகள் தட்டைக் கவிழ்த்துத் தாளம் போடுவார்கள். பள்ளி சாலையோரத்தில் இருந்ததால் அந்தத் தாளம் ஜீப்பில் போகும் அதிகாரிகளுக்கும் கேட்கும்.

ஒருமுறை கேட்டுவிட்டது. அதிகாரி இறங்கி வந்தார். "இது தற்காலிக வேலைம்மா. அடுப்பு நேரத்துக்கு எரியலைன்னா வேற ஆள் போட வேண்டியிருக்கும்" என்றார். மிரட்டலாகச் சொல்லவில்லை. அதனால்தான் மலர்க்கொடி பயந்தார். அந்த வேலைக்கு ஆளுங்கட்சி சிபாரிசில் ஒரு பெண்ணும் எதிர்க்கட்சி சிபாரிசில் ஒரு பெண்ணும் தயாராக இருப்பது ஊருக்கே தெரியும்.

எங்கள் ஊரிலிருந்து அந்தப் பள்ளிக்கு இரண்டு வழி. ஒன்று, பாலத்தைச் சுற்றிக்கொண்டு தார்ச்சாலை வழியாக. குடவாசலிலிருந்து வலங்கைமான் போகும் பஸ் வந்தால் ஏறிக்கொள்ளலாம். அந்த பஸ்ஸுக்கு நேரம் என்று ஒன்று இருந்ததாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை. இன்னொன்று, வயல்களுக்கு நடுவே நேராகப் போகும் இந்த வரப்பு.

வரப்பு தேய்ந்த விதம்

டெல்டாவுக்கு வெளியே இருக்கும் வாசகர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் வரப்பு என்பது நிலைத்த பொருள் அல்ல. ஒவ்வொரு சாகுபடிக்கும் முன்னால் வரப்பின் பக்கவாட்டில் இருக்கும் புல்லையும் எலி வளையையும் மண்வெட்டியால் செதுக்கி வயலுக்குள் தள்ளுவார்கள். பிறகு சேறு அள்ளிப் பூசுவார்கள். அண்டை வெட்டுவது, அண்டை வைப்பது என்று பெயர். வெட்டுவது நாலு விரல், பூசுவது இரண்டு விரல். மிச்சம் இரண்டு விரல் வயலோடு சேர்ந்துகொள்ளும்.

யாரும் நிலத்தைத் திருடவில்லை. எல்லோரும் புல்தான் செதுக்கினார்கள்.

இந்த வரப்புக்குக் கிழக்கே இருந்த வயல் கோவிந்தசாமியுடையது. மேற்கே தட்சிணாமூர்த்தியுடையது. கோவிந்தசாமியின் தங்கையைத்தான் தட்சிணாமூர்த்தி கட்டியிருந்தார். மாமனும் மச்சானும் ஒரே கட்சி. ஒரே மேடை, ஒரே கரை வேட்டி. ஒருவர் மகனுக்கு இளஞ்சேரல், மற்றவர் மகனுக்கு இளம்பரிதி. இந்தி எதிர்ப்பில் இருவரும் ஒரே லாரியில் ஏற்றப்பட்டு ஒரே கொட்டகையில் மதியச் சோறு சாப்பிட்டவர்கள்.

பிறகு கட்சி இரண்டாக உடைந்தது. கோவிந்தசாமி ஒரு பக்கம், தட்சிணாமூர்த்தி மறுபக்கம். கட்சி ஒரே நாளில் உடைந்துவிட்டது. வரப்பு உடையத்தான் பல போகம் பிடித்தது. அதற்குமுன் ஒருவர் வெட்டினால் மற்றவர் பூசுவார். அதற்குப் பின் இருவரும் வெட்டினார்கள். யாரும் பூசவில்லை.

எந்தக் கட்சி ஆட்சிக்கு வந்தாலும் வெட்டு நின்றதில்லை. ஆளுங்கட்சிக்காரர் தைரியத்தில் வெட்டினார். எதிர்க்கட்சிக்காரர் ரோஷத்தில் வெட்டினார்.

ஊர்வலத்தின் நீளம்

இந்தத் தொடரில் போன வாரம் நான் எழுதிய மதகுச் சண்டையைப் படித்துவிட்டு மன்னார்குடியிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். கூலிப் போராட்டக் காலத்தில் எங்கள் ஊரில் என்ன நடந்தது என்று. அதற்குத் தனியாக எழுத வேண்டும். இந்த வரப்போடு சம்பந்தப்பட்டதை மட்டும் சொல்கிறேன்.

தெற்குத் தெரு ஆட்கள் அறுவடைக் கூலியை உயர்த்தக் கேட்டுக் கொடி பிடித்த வருஷம் அது. பள்ளிக்கூடத்தில் போலீஸ் முகாம். மிராசுதார்கள் வெளியூர் ஆள் வைத்து அறுக்கப் பார்த்தார்கள். தெற்குத் தெருவில் விவசாயத் தொழிலாளர் சங்கத்துக்குத் தலைவர் வீரையன். ஒல்லியான ஆள். குரல் மட்டும் இரண்டு ஆளுடையது. அவர் செங்கொடியோடு ஊர்வலத்தை இந்த வரப்பு வழியாகத்தான் நடத்தினார்.

வரப்பு அப்போதே ஒற்றைக் காலடிக்கு வந்துவிட்டது. ஒருவர் பின் ஒருவராகத்தான் போக முடியும். எனவே கொடி பிடித்த முதல் ஆள் பள்ளிக்கூடத்தை எட்டியபோதும் கடைசி ஆள் எங்கள் ஊரை விட்டுக் கிளம்பவில்லை. தூரத்திலிருந்து பார்த்த போலீஸ்காரர்கள் பயந்துபோய்க் கூடுதல் ஆள் கேட்டார்கள். நானும் "மாபெரும் ஊர்வலம்" என்றுதான் என் நாளிதழுக்குச் செய்தி அனுப்பினேன். அது பொய்யில்லை. நீளம் அவ்வளவு இருந்தது.

இன்னொரு விஷயம். வீரையனின் அப்பா காலத்தில் தெற்குத் தெரு ஆட்கள் இந்த வரப்பில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தார்கள். சேற்றுக்காக அல்ல. மலர்க்கொடியும் செருப்பைக் கையில்தான் எடுத்துக்கொண்டு போனார். அவரிடம் கேட்டால் சேற்றுக்காக என்பார். அந்த வரப்பு இருந்த லட்சணத்தில் நம்பத்தான் வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை மண்

வயலில் விழுந்த அந்த மழைக்காலம் முழுக்க மலர்க்கொடி விடியும் முன்னே எழுந்து தார்ச்சாலையைச் சுற்றிப் போய் எப்படியோ வேலையைக் காப்பாற்றிக்கொண்டார். சித்திரையில் வயல் காய்ந்து வெடித்ததும் சைக்கிள் கடைக்கு வந்தார்.

"பாய், வாய்க்கால் தூர் எடுக்கப் போறாங்களாமே. அந்த மண்ண என்னா பண்ணுவாங்க?"

"கரையில போடுவாங்க. மழைக்கு மறுபடி வாய்க்காலுக்கே போயிரும். வருஷா வருஷம் அதான நடக்குது."

"இந்த வரப்புல போட்டா?"

காதர் பாய் கையிலிருந்த டியூபைக் கீழே வைத்தார். சைக்கிள் போகும் அகலத்துக்கு வரப்பு இருந்தால் எத்தனை சைக்கிள் தன் கடை வழியாகப் போகும் என்று அந்த நிமிஷமே கணக்குப் போட்டதாகப் பின்னால் அவரே என்னிடம் சொன்னார். பொதுநலத்தில் கொஞ்சம் காற்று அடித்துவைப்பது நல்லது, நின்றுபோகாது என்பது அவர் கொள்கை.

வாய்க்கால் தூர் எடுப்பது எங்கள் ஊரில் குடிமராமத்து. வீட்டுக்கு ஓர் ஆள் வர வேண்டும். வாய்க்காலுக்கு இருந்த அந்த வழக்கம் பாதைக்கு இருந்ததில்லை. தண்ணீர் வராவிட்டால் எல்லோருக்கும் நஷ்டம். மனிதர் வராவிட்டால் நடப்பவருக்கு மட்டும்தானே நஷ்டம்?

காதர் பாய் வடக்குத் தெருவில் சொன்னார். வீரையன் தெற்குத் தெருவில் சொன்னார். ஞாயிற்றுக்கிழமைகளில் கூடையோடு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். முதல் ஞாயிறு வேலை நடக்கவில்லை. பாதையின் அகலம் எவ்வளவு என்று பேசி முடிப்பதற்குள் வெயில் ஏறிவிட்டது.

காதர் பாய்க்கு சைக்கிள் ஹேண்டில்பார் அகலம் வேண்டும். பின்னால் புல்லுக்கட்டு வைத்த சைக்கிள் என்றார். வீரையன் முதலில் அகலமே வேண்டாம் என்றார்.

"அகலமாக்கிட்டா எங்க ஊர்வலம் குட்டையாத் தெரியுங்க."

எல்லோரும் சிரித்த பிறகு அவர் சிரிக்காமல் சொன்னார். "வேடிக்கைக்குச் சொன்னேன். பாடை போவணும். எங்க தெருவுல செத்தா வயல்ல எறங்கித்தான் தூக்கிட்டுப் போறோம். பயிரு இருந்தா அதுக்கு வேற வம்பு. பாடை போற அகலம் வேணும்."

"நாலு பேரு தூக்குறதாச்சே, அவ்வளவு அகலம் எங்க போறது?" என்றார் ஒருவர்.

"நாலு பேரு தூக்கினாலும் முன்னாடி ரெண்டு, பின்னாடி ரெண்டு. ரெண்டு ஆளு சேந்து நடக்கற அகலம் போதும்" என்றார் மலர்க்கொடி. "எனக்கு ஒரு காலும் ஒரு கொடையும் போதும். ஆனா எதுத்தாப்புல ஆளு வந்தா நான் வயலுக்குள்ள எறங்க மாட்டேன்."

இரண்டு ஆள் அகலம் என்று முடிவாயிற்று. அளப்பதற்கு வீரையனையும் காதர் பாயையும் தோளோடு தோள் நிற்கவைத்து இருபுறமும் குச்சி நட்டார்கள். காதர் பாய் மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு நிற்பதாக வீரையன் புகார் செய்தார். விடச் சொல்லி, மறுபடி அளந்தார்கள்.

மாமனும் மச்சானும் ஏன் தடுக்கவில்லை என்று கேட்பீர்கள். இருவரும் வந்து பார்த்தார்கள், தனித்தனியாக. கோவிந்தசாமி தன் வயலில் நின்றபடி ஒரு கண்ணை மூடிக்கொண்டு நேர் பார்த்தார். மண் தட்சிணாமூர்த்தி பக்கம்தான் அதிகம் சரிந்திருக்கிறது என்று திருப்தியடைந்து போய்விட்டார். மறுநாள் தட்சிணாமூர்த்தி தன் வயலில் நின்று மற்றொரு கண்ணை மூடினார். அவருக்கும் திருப்தி.

அந்த வேலையைப் பற்றி ஒரு நல்ல செய்தி எழுதி அனுப்பினேன். தலைமை அலுவலகத்தில் அதைக் கத்தரித்து, காணாமல்போன பசுமாட்டு விளம்பரத்துக்குக் கீழே நாலு வரி போட்டார்கள். தலைப்பில் வரப்பு போய்ச் சாலை வந்திருந்தது. அடுத்த வாரம் எங்கள் ஊருக்குப் புதிய சாலை கொண்டுவந்த சாதனையை இரண்டு கட்சி மேடைகளிலும் கேட்டேன். இருவரும் என் நாளிதழையே தூக்கிக் காட்டினார்கள். பசுமாடு பிறகு கிடைத்துவிட்டது.

காய்க்கிற செடி

ஆற்றில் தண்ணீர் வந்து சம்பா உழவு தொடங்கியதும் எல்லோருக்கும் ஒரே கவலை. மண்வெட்டி வெளியே வந்துவிடும். ஒரு போகம் அண்டை வெட்டினால் போதும், ஞாயிற்றுக்கிழமைகள் அத்தனையும் வயலுக்குள் போய்விடும்.

யோசனை சொன்னவர் விவசாயத் துறையிலிருந்து சைக்கிளில் வரும் கிராம சேவகர். பஞ்சர் ஒட்டக் காத்திருந்த நேரத்தில் சொன்னார்.

"ரெண்டு ஓரத்துலயும் தொவர போடுங்க. வேரு மண்ணப் பிடிச்சுக்கும். அதவிட முக்கியம், எவனும் மம்பட்டி போட மாட்டான். நம்மாளு மனுசன் காலக்கூட வெட்டிருவான், காய்க்கிற செடிய வெட்ட மாட்டான்."

புரட்டாசித் தூறலில் இரு ஓரமும் துவரை ஊன்றினோம். அவர் சொன்னது அப்படியே பலித்தது. நட்ட பயிரில் மண்வெட்டி வைக்க இரண்டு பேருக்குமே கை வரவில்லை. செடி முழங்கால் உயரம், இடுப்பு உயரம், ஆள் உயரம் வளர்ந்தது. நடுவே பாதை. ஐப்பசி, கார்த்திகை மழையில் சுற்றி எல்லா வயலிலும் தண்ணீர் நிற்க, அந்தப் பாதை மட்டும் மேடாக நின்றது.

காலையில் மலர்க்கொடி போகும்போது குடையின் மேல்பாகம் மட்டும் துவரைக்கு மேலே நகர்ந்துகொண்டே போகும். செருப்புச் சத்தம் டீக்கடை வரை கேட்கும். கையில் அல்ல, காலில்.

"ரயிலு போயிருச்சு, நேரமாச்சு" என்று அந்தக் குடையைப் பார்த்துச் சொல்லிவிட்டுக் காதர் பாய் கடையைத் துடைக்கத் தொடங்குவார். பள்ளியில் அடுப்பு நேரத்துக்கு எரிந்தது. தட்டுத் தாளம் நின்றுபோயிற்று. அதிகாரி ஒருநாள் வந்து பார்த்துவிட்டு, தை கழிந்ததும் வேலையை நிரந்தரமாக்க எழுதுவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

மார்கழியில் துவரை பூத்தது. மஞ்சள் பூவில் வண்டு மொய்த்தது. ஊரே பார்த்து ரசித்தது. பூத்தால் காய்க்கும் என்பதை மட்டும் யாரும் யோசிக்கவில்லை.

இரு முனையிலும் முள்

விவசாயிகளாகப் பிறந்து வளர்ந்தவர்கள் செய்யக்கூடிய தவறுதான் அது. வேறு யாராவது என்றால் கல் நட்டிருப்பார்கள், வேலி போட்டிருப்பார்கள். நாங்கள் பயிர் வைத்தோம். எங்கள் ஊரில் பயிர் இருந்தால் அதற்கு ஒரு சொந்தக்காரன் இருந்தே ஆக வேண்டும்.

தை பிறந்து காய் முற்றியது. பொங்கல் கழிந்த ஒரு காலை, சைக்கிள் கடை முனையில் பாதை வாயை அடைத்துச் சீமைக்கருவை முள் கிடந்தது. வெட்டிப் போட்டவர் கோவிந்தசாமி.

"எங்க வயலு வரப்பு. தொவர காய்ச்சு நிக்கிது. ஆளு நடந்தா உதிர்ந்துடும். அறுத்தப்புறம் பாத்துக்கலாம்."

மறுமுனையிலும் முள். அது தட்சிணாமூர்த்தி. அவருக்கும் அதே வரப்பு, அதே துவரை, அதே காரணம்.

வயலிலும் இறங்க முடியாது. சம்பாக் கதிர் முற்றிச் சாய்ந்து கிடந்தது. மலர்க்கொடி செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு தார்ச்சாலைப் பக்கம் ஓடினார். ஓட வசதியாகத்தான் கழற்றினார். பஸ் வரவில்லை. அன்று அடுப்பு தாமதம். மறுநாளும் தாமதம். தட்டுத் தாளம் திரும்பக் கேட்டது. ஜீப் நின்றது. இன்னொரு நாள் இப்படி ஆனால் நிரந்தரம் மட்டுமல்ல, தற்காலிகமும் இல்லை என்றார் அதிகாரி.

வீரையன் ஆட்களோடு போய் முள்ளை இழுத்து எறிவதாகக் கிளம்பினார். எறிந்திருந்தால் அது கூலிப் போராட்டத்தின் அடுத்த அத்தியாயம் ஆகியிருக்கும். போலீஸ் முகாமுக்குப் பள்ளிக்கூடத்தில் மறுபடி இடம் ஒதுக்க வேண்டியிருந்திருக்கும். மலர்க்கொடிதான் தடுத்தார்.

"அண்ணே, இருங்க. தொவர யாருதுன்னு பேச இன்னிக்கு சாயந்தரம் ஊரு கூடுது. அதுக்கு நானும் வர்றேன்."

"நீ வந்து என்னா பண்ணப் போற? தொவரயா கேக்கப் போற?"

"வழி கேக்கப் போறேன்."

வழி கேட்ட சாயங்காலம்

மாரியம்மன் கோயில் முன்னால் ஊர் கூடியது. பஞ்சாயத்துத் தலைவர் நடுவில். கோவிந்தசாமி ஒரு பக்கம் நாற்காலியில். அதே உயர நாற்காலி கொண்டுவரச் சொல்லித் தட்சிணாமூர்த்தி மறுபக்கம். மாமனும் மச்சானும் நேரடியாகப் பேசிப் பல வருஷம். ஒருவர் சொல்வதைத் தலைவரிடம் சொல்வார். மற்றவர் கேட்காதவர்போல் இருந்துவிட்டு, பதிலைத் தலைவரிடம் சொல்வார். தலைவருக்குக் கழுத்து வலி.

ஒரு மணி நேரம் இப்படியே போயிற்று. தலைவர் களைத்துப்போய் வெற்றிலையை எடுத்தபோது, பெண்கள் பக்கத்திலிருந்து மலர்க்கொடி எழுந்தார்.

"அய்யா, நான் தொவர பத்திப் பேச வரலீங்க. காலையில வேலைக்குப் போவணும். யாருகிட்ட வழி கேக்கணும்னு தெரிஞ்சாப் போதும். கேட்டுட்டு நடந்துக்கறேன்."

பணிவாகத்தான் கேட்டார். அந்தத் தெருப் பெண் ஒருத்தி அந்தத் திடலில் எழுந்து பேசியது எத்தனை பேருக்குப் பிடித்தது, எத்தனை பேருக்குப் பிடிக்கவில்லை என்பதை முகங்களில் பார்க்க முடிந்தது.

கோவிந்தசாமி துண்டைச் சரி செய்துகொண்டார். கேட்டுவிட்டு நடக்கிறேன் என்பது அவருக்கு இதமாக இருந்தது.

"என்கிட்ட கேளு. நான் வேணாம்னா சொல்லப் போறேன்? மரியாதையா கேட்டா முள்ளத் தள்ளி வச்சுட்டுப் போ."

"ரொம்ப நன்றிங்கய்யா. அப்ப வரப்பு உங்களுது. இனிமே உங்ககிட்டயே கேட்டுக்கறேன்" என்றபடி மலர்க்கொடி உட்காரப் போனார்.

உட்காரவில்லை. அதற்குள் தட்சிணாமூர்த்தியின் நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது.

"அவருகிட்ட என்னா புள்ள கேக்குறது? அது அவரு வூட்டு வரப்பா? எங்கப்பாவத் தூக்கிட்டுப் போன பாட்டை அது! ஊருப் பாட்டை! என் கல்யாணத்துக்கு மாப்பிள்ளை அழைப்பு அதுலதான் போச்சு, மோளம் முன்னாடி போச்சு. அப்ப இவரும்தான கூட நடந்து வந்தாரு, கேளு!"

மலர்க்கொடி அவர் பக்கம் திரும்பினார்.

"மன்னிச்சுக்குங்கய்யா. எனக்குத் தெரியாம அவுங்ககிட்ட கேட்டுட்டேன். அப்ப உங்ககிட்டதான் கேக்கணுங்களா?"

தட்சிணாமூர்த்தி வாயைத் திறந்தார். ஆனால் இப்போது எழுந்தவர் கோவிந்தசாமி. பல வருஷம் கழித்து மச்சானின் முகத்தை நேராகப் பார்த்து, தலைவரின் கழுத்துக்கு ஓய்வு கொடுத்துப் பேசினார்.

"உன்கிட்டயா? உன்கிட்ட கேக்கணுமா? நீ எங்க வூட்டுக்கு மாப்பிள்ளையா வர்றதுக்கு முன்னாடியே ஊரு நடந்த பாட்டைய்யா அது! மாடு போச்சு, பாடை போச்சு, சாமி போச்சு. எங்க தாத்தாவே அத எங்களுதுன்னு சொன்னது கெடையாது. நீ சொல்றியா?"

"நான் எங்கய்யா சொன்னேன்? நீ சொன்ன!"

"நான் சொல்லல!"

"நானும் சொல்லல!"

இருவரும் ஒரே சமயத்தில் தாங்கள் என்ன சொல்லிவிட்டோம் என்று உணர்ந்தார்கள். நான் நிருபர் வேலையில் எத்தனையோ வாக்குமூலங்களைக் கேட்டிருக்கிறேன். இவ்வளவு உரத்த குரலில், இவ்வளவு பேர் முன்னால், யாரும் கேட்காமலே கொடுக்கப்பட்ட வாக்குமூலத்தைக் கேட்டதில்லை.

பின்வரிசையிலிருந்து காதர் பாய், "தலைவரே, ரெண்டு பேரும் ஒத்துமையா சொல்லிட்டாங்க. குறிச்சுக்குங்க" என்றார். சிரிப்பு எழுந்தது. தெற்குத் தெரு பக்கம் தொடங்கி வடக்குத் தெரு பக்கம் பரவியது. தலைவர் வெற்றிலையை மென்றபடி, பாட்டை ஊருக்குப் பொது, அதில் விளைந்த துவரையும் பொது, பள்ளிக்கூடத்துச் சாம்பாருக்குப் போகட்டும் என்றார். அதை மறுத்தால் மற்றவருக்கு அது போய்விடுமோ என்ற பயத்தில் இருவரும் மறுக்கவில்லை.

மலர்க்கொடி இன்னும் நின்றுகொண்டிருந்தார்.

"ஒரு சந்தேகங்க. ஊருப் பாட்டைன்னா செருப்பு போட்டுட்டு நடக்கலாமில்லீங்க?"

அதற்கு மட்டும் சரி என்று யாரும் சொல்லவில்லை. கூடாது என்றும் யாரும் சொல்லவில்லை.

இதையெல்லாம் யோசித்துத்தான் எழுந்தாரா என்று பல வருஷம் கழித்து அவரிடம் கேட்டேன். "நான் வழிதாங்க கேட்டேன்" என்றார். அதற்கு மேல் அந்த வாயிலிருந்து எதுவும் வாங்க முடியவில்லை.

இப்போதும் தூர் எடுக்கும் சமயத்தில் வீட்டுக்கு ஓர் ஆள் அந்தப் பாதைக்கு மண் போடுகிறார்கள். துவரையை மட்டும் அதன்பின் யாரும் வைக்கவில்லை. வெட்டிவேர் வைத்திருக்கிறார்கள். அது காய்க்காது.

துவரை போன வழி

மறுநாளே முள் அகற்றப்பட்டது. இரண்டு நாள் கழித்துத் துவரையை அறுத்தோம். அடித்துத் தூற்றியதில் ஒரு சாக்குக்குக் கொஞ்சம் குறைவு. பள்ளிக்குக் கொண்டுபோக விடிந்ததும் வீரையன் சாக்கைத் தலையில் ஏற்றினார். கிளம்பும் நேரத்தில் கோவிந்தசாமி வந்து நின்றார். வழியில் சாக்கு மச்சான் வீட்டுப் பக்கம் திரும்பிவிடாமல் பார்த்துக்கொள்ள வந்தாராம். மூச்சு வாங்கத் தட்சிணாமூர்த்தியும் வந்தார். அவருக்கு மாமன் வீட்டின் மேல் சந்தேகம்.

சாக்கோடு வீரையன் முன்னே நடந்தார். அடுத்து யார் போவது என்று கேள்வி. மச்சானுக்குப் பின்னால் மாமன் போக மாட்டார். மாமனுக்குப் பின்னால் மச்சான் போக மாட்டார். ஒரு நிமிஷம் நின்றார்கள். பிறகு இரண்டு பேரும் ஒன்றாகப் பாதையில் காலை வைத்தார்கள்.

தோளோடு தோள். இரண்டு பேருக்கும் பெரிய சரீரம். காதர் பாய் மூச்சை விட்டு அளந்த அகலம் அன்றுதான் சரிபார்க்கப்பட்டது. ஒருவரும் வயலில் இறங்கவில்லை. அறுப்பில் மிஞ்சிப் பனியில் நனைந்த துவரைத் தட்டை இருபுறமும் வேட்டியில் உரச, மெதுவாக, கௌரவமாக, பாதை முழுவதையும் அடைத்துக்கொண்டு போனார்கள்.

அவர்களுக்குப் பின்னால் குடையும் சாவியுமாக மலர்க்கொடி. முந்திப்போக இடமில்லை. கொஞ்ச தூரம் பொறுத்துப் பார்த்தார். செருப்புச் சத்தம் தயங்கித் தயங்கிக் கேட்டது. பிறகு டீக்கடையில் இருந்த எங்களுக்கெல்லாம் கேட்கும்படி அவர் குரல் வந்தது.

"அய்யா, கொஞ்சம் வெரசா நடங்க. இல்லாட்டி ஒருத்தர் பின்னாடி ஒருத்தர் போங்க. அடுப்பு மூட்டணும்."

இருவரும் வெரசாக நடந்தார்கள்.